விண்ணிலிருந்து வரும் அலையும் விழுப்புரத்து மழையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பகுதியில் இரண்டு கேள்விகள் எல்லோர் வாயிலும் இருக்கும். ஏரி நிரம்பிற்றா என்பது ஒன்று. நேற்று எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பது மற்றொன்று. காலை எட்டரை மணிக்கு மழைமானியில் பார்த்து எழுதும் அளவு நாளேட்டில் வந்துவிடும். உழவருக்கும் ஏரிக்கும் அந்த ஓர் எண் போதும். ஆனால் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் வீட்டுக் கூரைக்கு இறங்கி வரும் செயற்கைக்கோள் அலைக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. ஒரு நாளில் எவ்வளவு மழை என்று அது கேட்பதில்லை. இந்த நிமிடத்தில் எத்தனை வேகமாகக் கொட்டுகிறது என்றே கேட்கிறது. இந்த வேறுபாடு ஏன் ஏற்படுகிறது, அது நம்மைப் போன்ற கடலோர மாவட்டத்தாருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முற்படுகிறேன்.

நான் கிளியனூர்க்காரன். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது. ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் கூரைமேல் ஒரு டிஷ் இருப்பது இப்போது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. கார்த்திகை மாதத்தில் நாள் முழுதும் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சிப் படம் அசையாது. சித்திரை, வைகாசியில் ஒரு மாலை நேரத்தில் இடி மின்னலோடு கால்மணி நேரம் கொட்டித் தீர்க்கும்; அந்தக் கால்மணியும் திரை வெறிச்சோடிக் கிடக்கும். மழைமானியைக் கேட்டால் தூறிய நாளில்தான் அதிக மழை என்று சொல்லும்!

இன்னும் ஒன்றைக் கவனித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வரும்போது முற்றத்தில் முதல் துளி விழுமுன்பே படம் போய்விடும். மழை விடுவதற்கு முன்பே திரும்பியும் வந்துவிடும். மேற்கிலிருந்து வரும் கோடை மழையில் இது தலைகீழ். நாம் நனைந்த பிறகுதான் படம் போகும். வானம் வெளுத்த பிறகும் சற்று நேரம் கழித்தே வரும். "மழை வருவது பெட்டிக்கு நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது" என்று என் பாட்டி சொல்வார். உண்மைதான். எங்கள் டிஷ் தென்கிழக்கு வானத்தில் சுமார் எழுபது பாகை உயரத்தை நோக்கி இருக்கிறது. அந்தச் சாய்ந்த கோட்டில் ஐந்து கிலோமீட்டர் உயரம் போனால், நம் வீட்டிற்குத் தென்கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிய இடத்தின் தலைக்கு மேலே நிற்போம். அங்கே பெய்யும் மழைதான் முதலில் அலையைத் தடுக்கிறது. இதில் எந்த நிறுவனத்தின் மீதும் குற்றம் இல்லை.

இனி அலையைப் பற்றிப் பார்ப்போம். நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் அதுவும் சுற்றிவரும். நமக்கு அது வானத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அங்கிருந்து ஒரு நூறு வாட் அளவுள்ள ஆற்றலை இந்தியா முழுவதற்கும் பரப்பி அனுப்புகிறார்கள். நம் வீட்டு டிஷ்ஷின் பங்குக்கு வந்து சேர்வது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரண்டு பங்கு. இந்த அளவுக்கு இளைத்து வருகிற ஒன்றைத்தான், கடைசி ஐந்து கிலோமீட்டரில், நம் மழை எதிர்கொள்கிறது.

மழைத்துளி அலையை இரண்டு விதமாகக் குலைக்கிறது. ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்கிக்கொள்கிறது. மற்றொரு பகுதியைத் திசை மாற்றிச் சிதறடிக்கிறது. எந்த அலையை எவ்வளவு குலைக்கும் என்பது பெரிதும் அலைநீளத்தைப் பொறுத்தது. எங்கள் பக்கத்துக் கழுவேலி ஏரிக்குக் காற்றடிக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பெரிய அலை கோரைத் தண்டுகளைப் பொருட்படுத்தாமல் கடந்து போகும். தண்டின் பருமனுக்குச் சமமான சின்னஞ்சிறு சலசலப்போ கோரைப் புதருக்குள் நுழைந்த இடத்திலேயே உருக்குலைந்து போகும். மழைத்துளியின் விட்டம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். மிகப் பெரியது ஐந்து, ஆறு மில்லிமீட்டர். ஆகவே அலைநீளம் பல சென்டிமீட்டர் இருந்தால் துளி அதற்கு ஒரு பொருட்டில்லை. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட அலைநீளம் குறுகி, துளியின் அளவை நெருங்குகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இந்திய விண்வெளித் தொடர்பின் வரலாறே இந்த அலைநீளம் குறுகிவந்த வரலாறு என்று சொல்லலாம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அது 860 மெகாஹெர்ட்ஸ் அலை. அலைநீளம் 35 சென்டிமீட்டர். கோழிவலை போன்ற கம்பி வலையால் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனாவே அதற்குப் போதுமாக இருந்தது. 1981 ஜூன் 19-இல் ஏவப்பட்ட ஆப்பிள், 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி ஆகியவை முதன்மையாக நான்கு, ஆறு கிகாஹெர்ட்ஸ் கொண்ட 'சி' அலைவரிசையில் பேசின. கீழிறங்கும் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். மாட்டு வண்டியின் மேல் ஒரு செயற்கைக்கோள் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தில் இருப்பது அந்த ஆப்பிள்தான். பிறகு வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பு வந்தது. அது 'கேயூ' அலைவரிசை, சுமார் பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ், இரண்டரை சென்டிமீட்டர். இப்போது வந்திருப்பது 'கேஏ' அலைவரிசை. இறங்கும்போது இருபது, ஏறும்போது முப்பது கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டரும் ஒரு சென்டிமீட்டரும்.

மழைக்கு அஞ்சாத நீண்ட அலை இருக்க, வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று கேட்கலாம். கீழ்த்தட்டில் இடம் இல்லை என்பதே விடை. 2022-இல் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்காக இந்திய அரசு ஏலம் விட்ட அலைகளில் 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் ஒன்று. அது 'சி' அலைவரிசையின் வாசலிலேயே வந்து நிற்கிறது. மேல்தட்டில் இடம் தாராளம். மேலும், அலை குறுகினால் சிறிய டிஷ் போதும். செயற்கைக்கோளிலிருந்து மெல்லிய கற்றைகளாக அனுப்பவும் முடியும். சென்னைக்கு ஒரு கற்றை, மதுரைக்கு ஒரு கற்றை என்று பிரித்துவிட்டால் ஒரே அதிர்வெண்ணை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 நம் நாட்டின்மேல் இத்தகைய 32 கற்றைகளை வீசும்படி அமைக்கப்பட்டது. மொத்தத்தில் நொடிக்கு 48 கிகாபிட் செய்தியைக் கடத்தும் திறன் உடையது. இந்த வசதி நீண்ட அலையில் கிடைக்காது. கம்பி போகாத மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இணையம் வேண்டுமென்றால் இந்தக் குறுகிய அலையின் தயவு வேண்டியிருக்கிறது. விமானப் பயணிகளுக்கும் இதே அலைதான். அவர்கள் மழைக்கு மேலே பறப்பதால் நம் கவலை அவர்களுக்கு இல்லை.

இனிக் கொஞ்சம் கணக்கு. கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் அளவுக்கு மேல் போகமாட்டேன். அலை இளைப்பதை நலிவு என்று சொல்வோம். அதை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறார்கள். 3 டெசிபெல் நலிவு என்றால் ஆற்றல் பாதியாகிவிட்டது. 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பார்கள். இந்த வேகம் தெரிந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை டெசிபெல் நலிவு என்று கணிக்க, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு வாய்பாடு தந்திருக்கிறது. அதைக் கொண்டு நானே போட்டுப் பார்த்த கணக்கு இது.

முதலில் ஒரு கோடை இடிமழையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகம். பத்து நிமிடம் பெய்து ஓய்ந்தது. மழைமானியில் சேர்ந்தது 17 மில்லிமீட்டர்கூட இல்லை. நாளேட்டில் 'மிதமான மழை' வரிசையில் அடங்கிப்போகும். ஆனால் இருபது கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 டெசிபெல் நலிவு. மழைத்திரையின் கனம் மூன்று கிலோமீட்டர்தான் என்று வைத்தாலும் 36 டெசிபெல். நாலாயிரத்தில் ஒரு பங்கே கீழே வரும். அதே மழையில் பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 16 டெசிபெல், அதாவது நாற்பதில் ஒரு பங்கு மிஞ்சும். நான்கு கிகாஹெர்ட்ஸ் அலையோ பத்தில் ஒரு பங்களவே குறைந்து, மழை பெய்ததை அறியாததுபோல் வந்து சேரும்.

இனி மற்றொரு மழை. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் நின்றுவிட்டதை நாம் மறக்க முடியாது. நமக்கு அண்டையிலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. மேலே சொன்ன கோடை மழையைப்போல் முப்பது மடங்கு! ஆனால் இந்த 500 மில்லிமீட்டரை 24 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்கு 21 மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தில் இருபது கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல்; மேலிருந்து கீழ்வரை ஐந்து கிலோமீட்டருக்கும் பெய்தாலும் 11 டெசிபெல் அளவே. பன்னிரண்டில் ஒரு பங்கு கீழே வந்துவிடும். பதினேழு மில்லிமீட்டர் மழை அலையைக் கொன்றுவிடுகிறது. ஐந்நூறு மில்லிமீட்டர் மழை சராசரி வேகத்தில் அதைக் காயப்படுத்துவதோடு விட்டுவிடுகிறது. புயல் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இடையிடையே அது வெறிகொண்டு வீசும் நிமிடங்கள் உண்டு. அந்த நிமிடங்களில் கோடை மழைக்கு அது இளைத்ததல்ல. அத்தகைய நிமிடங்கள் எத்தனை என்பதைத்தான் காலை எட்டரை மணி அளவு நமக்குச் சொல்வதே இல்லை.

மழை செய்யும் இன்னொரு சேட்டையும் உண்டு. தெளிந்த வானம் வானொலி அலைக்கு மிகக் குளிர்ந்த பொருள். டிஷ் அதைப் பார்க்கும்போது இரைச்சல் மிகக் குறைவு. மழை நடுவே வந்தால் டிஷ் பார்ப்பது குளிர்ந்த வானத்தை அன்று. ஏறக்குறைய நம் அறை வெப்பத்தில் இருக்கும் நீரை. எதை உறிஞ்சுகிறதோ அது உமிழவும் செய்யும் என்று நாம் வெப்பவியலில் படிக்கிறோம் அல்லவா? அலையில் பாதியை உறிஞ்சும் மழை, தன் பங்குக்குச் சுமார் 140 கெல்வின் அளவு இரைச்சலை டிஷ்ஷுக்குள் கொட்டுகிறது. நல்ல வாங்கி ஒன்றின் சொந்த இரைச்சலே நூறு, நூற்றைம்பது கெல்வின்தான். ஆக, பேசுபவர் குரல் பாதியாகும் அதே நேரத்தில் பக்கத்தில் கூச்சலும் இரட்டிப்பாகிறது.

நம் நாட்டுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து பார்த்தால், நம் தீர்க்கரேகைக்கு அருகே நிற்கும் செயற்கைக்கோள் 75 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்கு நேராக இருக்கும். லண்டன் நகரத்தாருக்கு அவர்களுடைய தொலைக்காட்சிக் கோள் 25, 30 பாகையில் அடிவானத்தை ஒட்டித் தெரியும். அங்கே மழை தொடங்கும் உயரம் குறைவு என்றாலும் அலை சாய்வாக நெடுந்தூரம் மழைக்குள் நடந்து வரவேண்டும். நமக்கு அந்த நடை மிச்சம். ஆனால் மழையின் வேகத்தில் இந்தச் சாதகம் கரைந்துபோகிறது. முன்னாளில் பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழு உலகத்தை மழை மண்டலங்களாகப் பிரித்து ஓர் அட்டவணை வைத்திருந்தது. ஆண்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடம், எந்த வேகத்துக்கு மேல் மழை பெய்யும் என்பது அதன் அளவுகோல். மிக வறண்ட மண்டலத்துக்கு மணிக்கு 8 மில்லிமீட்டர். வெப்பமண்டலத்தின் மிகக் கடுமையான மண்டலத்துக்கு 145 மில்லிமீட்டர்.

இந்த எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயர் அதிர்வெண் அலையையும் மழையையும் சேர்த்து அளந்த தொடக்ககாலச் சோதனைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் நடந்தவை. நம் சிற்றூர்களுக்குப் படம் காட்டிய அதே ஏடிஎஸ்-6, இருபது, முப்பது கிகாஹெர்ட்ஸ் அலையையும் அனுப்பியது. அதை அளந்தவர்கள் அமெரிக்கரும் ஐரோப்பியரும். 1977-இல் ஜப்பான், 1989-இல் ஐரோப்பாவின் ஒலிம்பஸ், 1993-இல் அமெரிக்காவின் ஏக்ட்ஸ் என்று தொடர்ந்தது. அவரவர் ஊர் மழையை அவரவர் அளந்துகொண்டார்கள். நம் மழையை நாம்தானே அளக்க வேண்டும்? 2010 ஏப்ரல் 15-இல் 'கேஏ' அலைவரிசைக் கருவியோடு புறப்பட்ட ஜிசாட்-4, ராக்கெட் பழுதால் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய ஜிசாட்-14தான் அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் 20.2, 30.5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு வழிகாட்டி அலைபரப்பிகள் இருந்தன. அவற்றின் வேலை படம் அனுப்புவது அன்று. ஒரே சீரான அலையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது. கீழே அதன் வலிமையையும் பக்கத்தில் மழை வேகத்தையும் ஒருசேரக் குறித்துக்கொண்டே வந்தால் நலிவு கையில் கிடைத்துவிடும். கோவிலில் தூண்டாமணி விளக்கு எரிவதைப்போல, எரிந்துகொண்டிருப்பதே அதன் பயன்.

மழையின் வேகம் ஒன்றாக இருந்தாலும் துளியின் பருமன் ஒன்றாக இருப்பதில்லை. திருப்பதிக்கு அருகிலுள்ள காடங்கியில் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில், விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சிறிய தட்டில் மோதும்போது எழும் மின்துடிப்பைக் கொண்டு அதன் பருமனை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். ஒரே வேகத்தில் பெய்யும்போது தென்மேற்குப் பருவ மழையில் பெருந்துளிகள் அதிகம். நம் வடகிழக்குப் பருவ மழையில் சிறுதுளிகள் அதிகம் என்பது அங்கே தெரியவந்தது. துளியின் அளவு மாறினால் நலிவும் மாறும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே வாய்பாட்டைப் போட்டு வேலை பார்க்க முடியாது. கேரளத்து ஆனி மழைக்குப் போட்ட கணக்கை அப்படியே நம் கார்த்திகை மழைக்கு எடுத்துவர முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இதெல்லாம் தொலைக்காட்சித் தொடர் கால்மணி நேரம் தடைப்படுவதைப் பற்றியது மட்டும் என்றால், இத்தனை பக்கம் எழுதியிருக்கமாட்டேன். மரக்காணம் முதல் புதுச்சேரி எல்லைவரை நம் மாவட்டத்துக் கடலோரம் முழுதும் மீனவர் குப்பங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே புகுந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் போனபின் கைப்பேசிக் கோபுரங்களும் வாயடைத்தன. நிலத்திலுள்ள தொடர்பெல்லாம் அறுந்த அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் ஒரே வழி விண்வழி. ஆனால் அந்த நேரத்தில்தான் மழையும் உச்சத்தில் இருக்கும். 2018 நவம்பர் 14-இல் 'கேயூ', 'கேஏ' கருவிகளோடு ஜிசாட்-29 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியபோது, வங்கக் கடலில் கஜா புயல் நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒன்றரை நாள் கழித்து அது வேதாரண்யம் பகுதியைச் சூறையாடியது. ஏறிப்போன கருவியும் இறங்கிவந்த புயலும் ஒரே வாரத்துச் செய்திகள்.

விளம்பரங்களில் 99.9 விழுக்காடு நேரம் தடையின்றி இயங்கும் என்று படிக்கிறோம். மிச்சமுள்ள 0.1 விழுக்காடு என்பது ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம். நாளைக்கு ஒன்றரை நிமிடம்தானே என்று தோன்றும். அந்த எட்டே முக்கால் மணி ஆண்டு முழுதும் சீராகத் தூவப்பட்டதல்ல. தையிலும் மாசியிலும் ஒரு நொடிகூடத் தடை இராது. அத்தனையும் சேர்ந்து ஓரிரு புயல் இரவுகளில் வந்து விழலாம். சராசரி என்பது எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முன்னோடிகள் இதில் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறார்கள். 1980-களில் இந்திய வானிலை ஆய்வுத் துறை இன்சாட் வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, அதன் வாங்கிகளை வட தமிழகக் கடலோரத்திலும் தென் ஆந்திரக் கடலோரத்திலும் பொருத்தினார்கள். எந்தப் பகுதிக்கு ஆபத்தோ அந்தப் பகுதி வாங்கிகளை மட்டும் தட்டியெழுப்பி, சங்கொலி எழுப்பி, அவ்வூர் மொழியிலேயே எச்சரிக்கையை ஒலிக்கச் செய்யும் கருவி அது. இறங்கி வந்தது 'எஸ்' அலைவரிசை. அலைநீளம் பதினோரு சென்டிமீட்டருக்கு மேல். எந்த மழையும் அதை மறிக்காது. 2017-இல் ஒக்கி புயலில் குமரிக் கடலில் இருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டாமல் போன கொடுமைக்குப் பிறகு, 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவி வெளிவந்தது. ககன் செயற்கைக்கோள் அலையிலிருந்து எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசியில் காட்டுவது அதன் வேலை. அதுவும் இருபது சென்டிமீட்டர் அளவிலான நீண்ட அலையே. நொடிக்குக் கிகாபிட் கணக்கில் அது செய்தி கொண்டுவராது. 'கரை திரும்பு' என்று சொல்லக் கிகாபிட் எதற்கு?

ஆகவே என் கருத்து இதுதான்: பள்ளிக்கூடம், மருத்துவமனை, அஞ்சலகம் ஆகியவற்றின் அன்றாட வேலைக்குக் குறுகிய அலையைத் தாராளமாகக் கொண்டுவரலாம். புயல் பாதுகாப்பு மையத்துக்கு மட்டும் அது ஒன்றையே நம்பி நீண்ட அலைக் கருவியைக் கழற்றிவிடக் கூடாது.

குறுகிய அலையைக் கொண்டு மழையோடு மல்லுக்கட்ட வழிகளும் இல்லாமல் இல்லை. ஒன்று, மழைக்கென்று ஆற்றலில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது. 'சி' அலைக்கு இது எளிது. 36 டெசிபெல் நலிவுக்கு எதிராக நாலாயிரம் மடங்கு ஆற்றலை யார் ஒதுக்குவார்? மற்றொன்று, மழைக்கேற்பப் பேச்சை மாற்றுவது. தேர்த்திருவிழா மேளச் சத்தத்தில் நண்பனிடம் பேச வேண்டுமானால் என்ன செய்வோம்? ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இரண்டு முறை சொல்வோம். 2005-இல் வந்த டிவிபி-எஸ்2 என்ற தரமுறை இதையே செய்கிறது. வாங்கி 'இங்கே மழை' என்று சொன்னால் அனுப்புமிடம் வேகத்தைக் குறைத்துச் செய்தியைப் பத்திரமாக அனுப்பும். இதனால் மழையில் இணையம் மெதுவாகும், ஆனால் எளிதில் அறாது. தொலைக்காட்சிக்கு இந்த வசதி இல்லை. ஒரே ஒளிபரப்பைக் கோடிப் பேர் பார்க்கும்போது கிளியனூரில் மழை என்பதற்காக எல்லோருக்கும் வேகத்தைக் குறைக்க முடியாதல்லவா?

மூன்றாவது வழி நம் ஊர் மழையின் குணத்தையே பயன்படுத்துவது. கோடையில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தொப்பலாக நனைந்து வண்டி ஏறுவேன். கிளியனூரில் இறங்கும்போது தெருவில் புழுதி பறக்கும். கடும் மழையின் குறுக்களவு சில கிலோமீட்டர்தான். ஆகவே பெரிய தரை நிலையத்தை ஒரே இடத்தில் வைக்காமல், பதினைந்து இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டாக வைத்து, கம்பியால் இணைத்துவிட்டால், ஒன்று நனையும்போது மற்றது பேசும். 2018 டிசம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-11 போன்றவற்றில் மக்களுக்குக் 'கேயூ' அலையும், பெரிய நிலையங்களுக்கு மட்டும் 'கேஏ' அலையும் வைத்ததன் வசதி இப்போது விளங்கும். பெரிய நிலையத்துக்குப் பெரிய டிஷ்ஷும் இரட்டை இடமும் கொடுக்கலாம், குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த உபாயமும் புயல் மழையில் பலிக்காது. ஃபெஞ்சல் இரவில் திண்டிவனமும் கிளியனூரும் புதுச்சேரியும் ஒன்றாகவே நனைந்தன.

தாழப் பறக்கும் செயற்கைக்கோள் கூட்டம் வந்தால் இந்தத் தொல்லை தீருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 ஜூன் மாதத்தில் நம் அரசின் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுபவை. தூரம் குறைவதால் அலை அவ்வளவாக இளைக்காது, பேச்சுத் தாமதமும் இராது. மழை இருப்பதோ அடியிலுள்ள ஐந்து கிலோமீட்டரில். மேலே எத்தனை உயரத்திலிருந்து வந்தாலும் அந்த ஐந்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கோள் உச்சியை விட்டுச் சரியும்போது மழைக்குள் நடக்கும் தூரமும் கூடும்.

நிமிட மழையை அளப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. சீசாப் பலகைபோல் இரண்டு சிறு குழிகள் கொண்ட வாளி ஒன்று புனலுக்கடியில் இருக்கும். ஒரு குழி நிரம்பியதும் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின்துடிப்பு. 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு சாய்வு என்று அமைத்தால், ஃபெஞ்சலின் சராசரி வேகத்தில் 34 நொடிக்கு ஒருமுறை சாயும்; படத்தை விழுங்கும் கோடை மழையில் ஏழு நொடிக்கு ஒருமுறை சாயும். எங்கள் இயற்பியல் துறை ஆய்வகத்தில் இதைத் தகரத்தாலும் காந்த விசையாலும் செய்துபார்க்க நண்பர்கள் மூவர் முனைந்திருக்கிறோம். வரும் ஐப்பசிக்குள் முடிந்துவிட்டால் ஒன்று கல்லூரி மாடியிலும் இன்னொன்று கிளியனூரில் எங்கள் வீட்டு மாடியிலும் இருக்கும். தகரமும் காந்தமும் கிடைத்துவிட்டன. நொடிகளைக் குறிக்க ஒரு பழைய கடிகாரப் பொறி மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.